எதால் வகுக்கிறீர்கள்?

வணக்கம், நேயர்களே.

அமெரிக்கப் போலீஸ் வன்முறை பற்றிய தொலைக்காட்சி விவாதம் எதைக் கேட்டாலும், ஒரு கட்டத்தில் இரு தரப்பும் எண்களை எடுத்து வீசத் தொடங்கும். "போலீஸ் குண்டுக்குப் பலியாகிறவர்களில் வெள்ளையர்தான் அதிகம்" என்பார் ஒருவர். "கறுப்பினத்தவர் இரண்டு மடங்குக்கு மேல் பலியாகிறார்கள்" என்பார் மற்றவர். இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்கும் என்று கேட்பவருக்குத் தோன்றும். ஆனால் இரண்டும் உண்மை. போதாக்குறைக்கு, இரண்டுமே ஒரே பட்டியலிலிருந்து எடுத்தவை.

அந்தப் பட்டியலை 2015 முதல் தொகுத்தது வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் பணியிலிருக்கும் போலீசாரால் சுடப்பட்டு இறக்கிறார்கள் என்று அது காட்டியது. இனம் தெரிந்தவர்களை மட்டும் எடுத்தால், சுமார் பாதிப் பேர் வெள்ளையர், கால் பங்குக்குச் சற்று மேல் கறுப்பினத்தவர். முதல் ஆள் அதோடு நிறுத்திக்கொள்கிறார். இரண்டாமவர் ஒரு படி மேலே போய், நாட்டின் மக்கள்தொகையில் வெள்ளையர் ஏறத்தாழ 60 விழுக்காடு, கறுப்பினத்தவர் ஏறத்தாழ 14 விழுக்காடு என்று அந்தந்தப் பங்கால் வகுக்கிறார். உடனே இரண்டு மடங்கு தாண்டுகிறது. சண்டை பெரும்பாலும் பின்னத்தின் கீழ் எண்ணைப் பற்றியது. மேல் எண்ணில் இருப்பது வேறு வகைச் சிக்கல். அதை முதலில் பார்த்துவிடலாம்.

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தார். அதிகாரி டெரெக் ஷாவினின் முழங்கால் அவர் கழுத்தின் மேல் 9 நிமிடம் 29 நொடி இருந்ததாக நீதிமன்றத்தில் காட்டப்பட்டது. அந்த இரவு காவல் துறை விட்ட செய்திக் குறிப்பின் தலைப்பு, போலீசாரோடு ஏற்பட்ட தொடர்பின்போது மருத்துவக் கோளாறால் ஒருவர் இறந்ததாகச் சொன்னது. முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. வழியில் நின்ற ஒரு பதின்வயதுப் பெண் எடுத்த கைப்பேசிக் காணொளி வெளிவராமல் இருந்திருந்தால் இந்த மரணம் எந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்? இன்னொன்றும் உண்டு. உலகையே உலுக்கிய அந்த மரணம் வாஷிங்டன் போஸ்ட் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அது துப்பாக்கிச் சூடுகளை மட்டுமே எண்ணியது. 2015இல் பால்டிமோரில் போலீஸ் வேனில் கழுத்துப் பகுதி முதுகுத்தண்டில் காயமடைந்து இறந்த ஃப்ரெடி கிரேயும் அதில் இல்லை.

அரசுக் கணக்கு இதைவிட மோசம். இறப்புச் சான்றிதழ்களை வைத்துத் தேசியப் பதிவகம் போலீஸ் வன்முறை மரணங்களைக் கணக்கிடுகிறது. 1980 முதல் 2018 வரை சுமார் 30,800 பேர் இறந்திருக்க, பதிவேட்டில் வந்தவை பாதிக்கும் குறைவு, 55.5 விழுக்காடு விட்டுப்போயின என்று 2021இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சான்றிதழ் எழுதும் மருத்துவ அதிகாரி 'துப்பாக்கிக் காயம்' என்று எழுதி, சுட்டது போலீஸ் என்பதை எழுதாமல் விட்டால், அது சாதாரணக் கொலையாகக் குறியிடப்பட்டுவிடும். அவ்வளவுதான் நடக்கிறது. எஃப்.பி.ஐ. 2019இல் தனியாக ஒரு தொகுப்பைத் தொடங்கியது. ஆனால் நாட்டில் ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள், தகவல் தருவதோ அவரவர் விருப்பம். விருப்பப்பட்டவர்கள் தருவதை வைத்து நாடு முழுமைக்கும் பேச முடியாது.

சரி, மேல் எண் ஓரளவு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கீழே எதைப் போடுவது?

மக்கள்தொகையைப் போடுவது தவறு என்று வாதிடுகிறவர்களின் கேள்வி நியாயமானதுதான். போலீஸ் எல்லாரையும் சமமாகச் சந்திப்பதில்லை. 2019இல் கொலைக் குற்றத்துக்காகக் கைதானவர்களில் பாதிக்குச் சற்று மேல் கறுப்பினத்தவர் என்கிறது எஃப்.பி.ஐ. கணக்கு. அதால் வகுத்தால் வேறுபாடு மறைந்துபோகும், சில கணக்குகளில் தலைகீழாகக்கூட மாறும். ஆனால் இந்தக் கீழ் எண்ணுக்குள் இரண்டு ஓட்டைகள். 2018இல் மட்டும் 16 வயதும் அதற்கு மேலும் ஆன 6 கோடியே 15 லட்சம் பேர் போலீசோடு ஏதோ ஒரு விதத்தில் தொடர்புகொண்டார்கள் என்கிறது மத்திய நீதித் துறையின் கருத்தாய்வு. அதில் கொலை வழக்கு எத்தனை இருக்கும்? பெரும்பகுதி வாகனச் சோதனையும் விபத்தும் உதவிக்கு அழைத்ததும்தான். பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தப்பட்டவர் சுடப்பட்டதற்குக் கொலைக் கைது விகிதத்தைக் கொண்டு விளக்கம் சொல்வது பொருந்தாது. இரண்டாவது ஓட்டை ஆழமானது. கைது என்பதே போலீஸ் செய்யும் செயல். எந்தத் தெருவில் ரோந்து போவது, யாரை நிறுத்துவது என்ற முடிவில் பாகுபாடு இருந்தால், அது கைதுக் கணக்கிலும் ஏறியிருக்கும். பாகுபாட்டை அளக்க, பாகுபாடு கலந்த அளவுகோலையே எடுத்ததாக ஆகிவிடும்.

இந்த இடத்தில்தான் ஹார்வர்டு பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையரின் ஆய்வு வருகிறது. 2016இல் முன்வரைவாக வந்து 2019இல் இதழில் வெளியானது. ஃபிரையர் கறுப்பினத்தவர். அவர் மக்கள்தொகையை விட்டுவிட்டு, போலீஸ் சந்திப்புகளைக் கீழ் எண்ணாக எடுத்தார். தள்ளுதல், விலங்கிடுதல், மிளகுப்புகை அடித்தல் போன்ற கீழ்நிலை வன்முறையில் கறுப்பினத்தவருக்கும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான ஹிஸ்பானியருக்கும் வாய்ப்பு 50 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல். துப்பாக்கிச் சூட்டில் மட்டும் இன வேறுபாடு தென்படவில்லை; தாம் பெற்ற முடிவுகளில் தம்மையே மிகவும் வியக்கவைத்தது இதுதான் என்றார். அதற்கு அவர் சார்ந்திருந்த முக்கியத் தரவு ஹூஸ்டன் நகரத்துடையது. ஒரு தரப்பு இரண்டாவது முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, முதலாவதைப் படிக்காதது போலவே இன்றுவரை பேசுகிறது. இன்னொரு தரப்பு ஆய்வையே சதி என்றது. இரண்டுமே சோம்பேறித்தனம்.

சரியான மறுப்பு 2020இல் நாக்ஸ், லோ, மம்மோலோ என்ற மூன்று அரசியல் அறிவியலாளர்களிடமிருந்து வந்தது. கையில் காகிதம் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்தவை.

வெள்ளையர் 100 பேரைப் போலீஸ் நிறுத்துகிறது. எல்லாரையும் உறுதியான காரணத்தோடு. 20 பேர் மேல் பலம் பிரயோகிக்கிறது. விகிதம் 20 விழுக்காடு. கறுப்பினத்தவரிலும் உறுதியான காரணத்தோடு 100 பேரை நிறுத்துகிறது, ஆனால் 30 பேர் மேல் பலம் பிரயோகிக்கிறது. அப்பட்டமான பாகுபாடு. இதற்கு மேல், காரணமே இல்லாமல் இன்னும் 100 கறுப்பினத்தவரையும் நிறுத்துகிறது. அவர்கள் எதுவும் செய்யாதவர்கள். அதனால் 5 பேரிடம் மட்டுமே கைகலப்பு, மற்ற 95 பேரை விட்டுவிடுகிறது. இப்போது பதிவேட்டைத் திறந்தால், கறுப்பினத்தவர் 200 பேரில் 35 பேர், அதாவது பதினேழரை விழுக்காடு. வெள்ளையர் 20. போலீஸ் கறுப்பினத்தவரிடம் மென்மையாக நடந்துகொள்கிறது என்று தாள் சொல்லும். காரணமில்லாமல் நிறுத்தியதே ஒரு குற்றம், அந்தக் குற்றமே மற்றக் குற்றத்தை மூடிவிடுகிறது. நிறுத்தப்பட்டவர்களின் பதிவேடு மட்டும் கையில் இருந்தால், நிறுத்தியிருக்கவே கூடாதவர்கள் யார் என்பது அதற்குள் தெரியாது.

வகுத்தலைத் தலைகீழாகப் போட்டு மாட்டிக்கொண்ட ஆய்வும் உண்டு. 2019இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. வெள்ளை அதிகாரிகள் சிறுபான்மையினரைச் சுடும் வாய்ப்பு மற்ற அதிகாரிகளைவிடக் கூடுதல் இல்லை என்றது. ஆனால் அதன் தரவில் இருந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே சுடப்பட்டு இறந்தவர்கள். சுடப்பட்டவர் கறுப்பினத்தவராக இருக்கும் வாய்ப்பு என்ன என்ற கேள்விக்குத்தான் அதில் விடை இருந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் சுடப்படும் வாய்ப்பு என்ன என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலில் திருத்தம் வெளியிட்டார்கள். பிறகு 2020 ஜூலையில் எழுதியவர்களே ஆய்வைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் அது எத்தனையோ விவாதங்களில் ஓடி முடிந்திருந்தது.

கீழ் எண்ணே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு அளக்கும் வழிகளும் உண்டு. எனக்குப் பிடித்தவை அவைதான். ஒன்று, சோதனையில் எவ்வளவு பிடிபடுகிறது என்று பார்ப்பது. நியூயார்க்கில் 2004 முதல் 2012 வரை போலீஸ் தெருவில் ஆட்களை நிறுத்தியது 44 லட்சம் முறை. 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின் தந்த தீர்ப்பில் கணக்கு இருக்கிறது. ஆயுதம் கிடைத்தது கறுப்பினத்தவரை நிறுத்தியதில் 1.0 விழுக்காடு, வெள்ளையரில் 1.4 விழுக்காடு. குறைவான சந்தேகத்துக்கே கறுப்பினத்தவரை நிறுத்துகிறார்கள் என்றால் இப்படித்தான் வரும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. சந்தேகம் 10 விழுக்காட்டைத் தாண்டினால் யாராக இருந்தாலும் சோதனை என்ற ஒரே விதியை அதிகாரி பின்பற்றுகிறார் என்று வையுங்கள். வெள்ளையரில் சந்தேகத்துக்கு இடமானவர்கள் ஆயுதம் வைத்திருக்க 75 விழுக்காடு வாய்ப்புள்ளவர்கள், கறுப்பினத்தவரில் 50 விழுக்காடு. பிடிபடும் விகிதம் 75க்கு 50 என்று வரும், பாகுபாடு இல்லாமலேயே. ஆகவே சராசரியைப் பார்த்தால் போதாது, சோதனை செய்யத் துணியும் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று மதிப்பிட வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஏறத்தாழ 10 கோடி வாகனச் சோதனைப் பதிவுகளில் அதைச் செய்தது. கறுப்பின, ஹிஸ்பானிய ஓட்டுநர்களுக்கு அந்தக் கோடு தாழ்வாகவே இருந்தது.

அதே குழு செய்த இன்னொரு சோதனை இருட்டைப் பயன்படுத்துவது. இதை முதலில் 2006இல் ஓக்லண்ட் நகரத் தரவில் குரோகரும் ரிட்ஜ்வேயும் செய்து பார்த்தார்கள். மாலை ஏழு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் அப்போது வெளிச்சம், குளிர்காலத்தில் இருட்டு. சாலையில் போகிறவர்கள் ஏறத்தாழ அதே ஆட்கள், ரோந்தும் அதே நேர ரோந்து. மாறுவது ஓட்டுநரின் முகம் தெரிகிறதா என்பது மட்டும். ஸ்டான்ஃபோர்டு தரவில், இருட்டியதும் நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தது. தெருவிளக்கு நிறைந்த நகரத்தில் இந்தச் சோதனை மங்கிவிடும், வண்டியின் தோற்றத்தை வைத்தே ஆளை ஊகிக்கும் அதிகாரியையும் பிடிக்காது. இரண்டு குறையுமே பாகுபாட்டைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. ஓக்லண்டில் வலுவான சான்று கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஃபிளாய்ட் மரணத்தை அடுத்து எழுந்த போராட்டங்களுக்கு வருவோம். அங்கேயும் கதை இதேதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மே 26 முதல் ஆகஸ்ட் 22 வரை 2,400க்கு மேற்பட்ட இடங்களில் 7,750க்கும் அதிகமான ஆர்ப்பாட்டங்களைப் பதிவுசெய்த ஏ.சி.எல்.இ.டி. அமைப்பு, 93 விழுக்காடு அமைதியானவை என்றது. வன்முறை நடந்தவை 220க்கும் குறைவான இடங்கள். காப்பீட்டுத் துறையோ 100 கோடி முதல் 200 கோடி டாலர் வரை இழப்பீடு என்று மதிப்பிட்டது. அந்நாட்டுக் கலவரங்களில் அதுவரை இல்லாத தொகை. முதல் கணக்கில், முப்பது பேர் பதாகை பிடித்து நின்றதும் ஒன்று, மினியாபொலிஸ் மூன்றாவது காவல் நிலையம் எரிந்த மே 28 இரவும் ஒன்று. இரண்டாவது கணக்கில், சேதம் இல்லாத ஆயிரக்கணக்கான ஊர்வலங்களுக்கு மதிப்புச் சுழியம். இரண்டில் ஒன்றை மட்டும் காட்டுகிறவர் எதை மறைக்க நினைக்கிறார் என்பதைக் கண்டுகொள்வது எளிது.

'போலீசுக்கு நிதியை நிறுத்து' என்ற போராடியவர்களின் முழக்கத்தைக் கறுப்பின மக்களின் ஒருமித்த கருத்தாகக் கொள்வதும் அவசரம். 2020 கோடையில் கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது, கறுப்பின அமெரிக்கர்களில் 81 விழுக்காட்டினர் தங்கள் பகுதியில் போலீஸ் இப்போதுள்ள அளவாவது, அல்லது இன்னும் அதிகமாக இருக்க வேண்டும் என்றார்கள். 2021 நவம்பரில் மினியாபொலிஸ் வாக்காளர்களும் காவல் துறையைக் கலைத்து வேறு துறை அமைக்கும் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். போலீஸ் வேண்டும், இந்த நடத்தை வேண்டாம் என்பதுதான் அவர்கள் சொன்னது. தொலைக்காட்சி விவாதத்தில் இதற்கு நாற்காலி கிடைப்பதில்லை.

ஒற்றைச் சம்பவத்தையும் மொத்தப் போக்கையும் குழப்பிக்கொள்வதற்கு மிசூரி மாநிலத்து ஃபெர்குசன் நகரம் நல்ல எடுத்துக்காட்டு. 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் அங்கே போலீஸ் அதிகாரி ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். 2015 மார்ச் 4 அன்று மத்திய நீதித் துறை ஒரே நாளில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. ஒன்று, சுட்ட அதிகாரிமீது வழக்குத் தொடரச் சான்று இல்லை, கைகளை உயர்த்தியபடி நின்றார் என்ற சாட்சியங்கள் நிற்கவில்லை என்றது. மற்றொன்று, அந்த ஊரில் 67 விழுக்காடு இருந்த கறுப்பினத்தவர், வாகனத்தோடு நிறுத்தப்பட்டவர்களில் 85, கைதானவர்களில் 93 விழுக்காடு என்றது. சோதனை அவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல், பிடிபட்டதோ வெள்ளையரைவிடக் குறைவு. அபராத வருவாயை உயர்த்தும்படி நகராட்சி போலீசை நெருக்கியதற்கு மின்னஞ்சல்கள் இருந்தன. ஆளுக்கு ஓர் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டையும் எழுதியது ஒரே துறை, இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1989 கிரஹாம் எதிர் கானர் தீர்ப்பின்படி, அந்த நொடியில் அந்த இடத்தில் நின்ற நியாயமான அதிகாரி என்ன செய்திருப்பார் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஊர் முழுக்க நடக்கும் போக்கை அந்தக் கேள்வியால் பிடிக்க முடியாது.

அப்படியானால் பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? கலிஃபோர்னியாவின் 2015 சட்டம் நல்ல மாதிரி. நிறுத்திய நேரம், இடம், காரணம், அழைப்பின் பேரிலா அதிகாரி தாமாகவா, சோதித்தாரா, என்ன கிடைத்தது, பலப் பிரயோகம் உண்டா, எல்லாம் எழுத வேண்டும். இனத்தை ஆளிடம் கேட்கக் கூடாது. அதிகாரியின் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அதையே எழுத வேண்டும், ஏனென்றால் பாகுபாடு வேலை செய்வது அந்தப் பார்வையில்தான். எதுவும் கிடைக்காமல் அனுப்பிவிட்டாலும் படிவம் கட்டாயம். அந்த வெற்றுப் படிவங்கள் இல்லாமல் மேலே சொன்ன எந்தக் கணக்கும் நடக்காது.

நியூயார்க்கில் 2011இல் 6,85,724 ஆக இருந்த தெருச் சோதனைகள் 2016இல் 12,404 ஆகிவிட்டன. அதோடு குற்றம் பெருகும் என்றவர்களின் கணிப்பு பலிக்கவில்லை, 2011இல் 515 ஆக இருந்த கொலைகள் 2017இல் 292. ஆனால் நீதிமன்றம் அமர்த்திய கண்காணிப்பாளர், அதிகாரிகள் பல சோதனைகளுக்குப் படிவமே எழுதுவதில்லை என்று அறிக்கைக்கு அறிக்கை சொல்லிவந்தார். உடற்கேமராப் பதிவுகளை எடுத்துப் படிவங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் விடுபட்டவற்றைக் கண்டுபிடிக்க முடிகிறது. அந்தப் 12,404இல் உண்மையான குறைவு எவ்வளவு, எழுதாமல் விட்டது எவ்வளவு என்ற கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நன்றி, வணக்கம்.