தலையை எண்ணாத காலத்துக்கு ஒரு தலைக்கணக்கு

நடுவர் ஐயா அவர்களே, எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நகரி மக்களே, திருத்தணிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் இந்த ஊர் மருமகள். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள். வகுப்பில் தெலுங்கு, மேடையில் தமிழ். இங்கே பாதிப் பேர் நிலைமை அதுதான்.

பின்னால் நிற்பவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். 'இடைக்கால அரசுகளின் மக்கள்தொகை என்று இன்று சொல்லப்படுவது கணக்கா, கற்பனையா?' எதிரணி கற்பனை என்கிறது. நாங்கள் கணக்கு என்கிறோம்.

எதிரணித் தலைவர் மூன்று எண்களை எடுத்து வீசினார். பாக்தாத் நகரத்தில் 60,000 குளியல் கூடங்கள். சீனாவில் ஒன்பதே ஆண்டில் 3 கோடியே 60 லட்சம் பேர் மாயம். கிருஷ்ணதேவராயர் ரெய்ச்சூர்ப் போருக்குக் கூட்டிப் போன காலாட்படை 7 லட்சத்துக்கும் மேல். "இந்த லட்சணத்தில் இருக்கிற ஆதாரத்தை வைத்து ஒரு பேரரசில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் பேசினார்.

ஆனால் அண்ணா, அந்த மூன்றும் நம்ப முடியாத எண்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

பாக்தாத்தையே எடுத்துக்கொள்வோம். 11-ஆம் நூற்றாண்டில் அல்-கத்தீப் அல்-பக்தாதி என்கிற அறிஞர் தன் ஊர் வரலாற்றில் ஒரு செய்தியைக் குறித்து வைத்தார். ஊரில் 60,000 குளியல் கூடங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து வேலைக்காரர்கள். ஒவ்வொரு குளியல் கூடத்துக்கும் ஐந்து மசூதிகள். ஆக மசூதி மட்டும் 3 லட்சம். இதற்கு நாங்கள் என்ன செய்தோம்? ஊரின் பரப்பைப் பார்த்தோம். பழைய பாக்தாத் பரந்து கிடந்த இடம் சுமார் 7,000 ஹெக்டேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் 17,000 ஏக்கர் சொச்சம். வகுத்துப் பாருங்கள்: ஏக்கருக்கு மூன்று குளியல் கூடம், பதினேழு மசூதி. அப்புறம் வீட்டை எங்கே கட்டுவது? குளித்துவிட்டு ஈரத் தலையோடு எங்கே போவது? அந்தச் செய்தி நிற்காது என்று காட்டியது எதிரணியின் கிண்டல் இல்லை, எங்கள் வகுத்தல்.

சீனாவுக்கு வருவோம். 755-இல் தாங் அரசின் பதிவேட்டில் 5 கோடியே 29 லட்சம் பேர். 764-இல் அதே பதிவேட்டில் 1 கோடியே 69 லட்சம். நடுவில் ஆன் லூஷான் என்ற தளபதியின் கலகம். "மூன்றில் இரண்டு பங்கு மக்கள் செத்தார்கள்" என்று இன்றைக்கும் பலர் எழுதுகிறார்கள். போரும் பஞ்சமும் கொடூரமானவை, அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் கலகத்துக்குப் பிறகு வடகிழக்கில் இருந்த தளபதிகள் தலைநகருக்கு வரியும் அனுப்பவில்லை, பேரேடும் அனுப்பவில்லை. மக்கள் ஊர் ஊராக ஓடினார்கள்; ஓடியவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. குறைந்ததில் பெரும்பகுதி அரசின் கண்ணுக்குத் தெரிந்த ஆட்கள்தான். அதே நாட்டில் 1110-இல் சோங் அரசின் ஏட்டைப் பாருங்கள். 2 கோடியே 8 லட்சம் வீடுகள், 4 கோடியே 67 லட்சம் ஆட்கள். வீட்டுக்கு இரண்டே கால் ஆள்! உலகத்தில் எந்த நாட்டில் அப்படிக் குடும்பம் இருக்கும்? வரிக்கும் வேலைக்கும் உரிய ஆண்களை மட்டும் எழுதியிருக்கிறார்கள், பெண்களும் குழந்தைகளும் ஏட்டில் ஏறவில்லை. அதனால் ஆள் கணக்கை ஒதுக்கிவிட்டு வீட்டுக் கணக்கைப் பிடிக்கிறோம். வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் 10 கோடி தாண்டுகிறது.

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது, நடுவர் ஐயா கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். பழைய ஏடுகள் பொய் சொல்லும். யார் இல்லை என்றார்கள்? ஆனால் பொய் எந்தப் பக்கம் சாயும் என்று நமக்குத் தெரியும்.

1377-இல் இங்கிலாந்தில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் நாலு பென்னி தலைவரி போட்டார்கள். பிச்சைக்காரர்களுக்கு விலக்கு, பாதிரியார்களுக்குத் தனிக் கணக்கு. கட்டியவர்கள் 13 லட்சத்து 55 ஆயிரம். நாலு வருடம் கழித்து, 1381-இல், வரி மூன்று மடங்கு. உடனே கட்டுகிறவர்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு காணோம். அத்தனை பேரைக் கொல்லும் கொள்ளைநோயும் இல்லை, படையெடுப்பும் இல்லை. யார் காணாமல் போனது என்று பார்த்தால் கல்யாணம் ஆகாத பெண்கள், விதவைகள், வீட்டோடு இருக்கிற தங்கைகள். அண்ணன்காரன் அதிகாரியிடம் "எனக்குத் தங்கச்சியே கிடையாதுங்க" என்று சத்தியம் செய்திருக்கிறான். யார் ஏய்த்தார்கள் என்று விசாரிக்க அரசு ஆள் அனுப்பிய பிறகுதான் பெரிய விவசாயிகள் கலகமே வெடித்தது. ஆக இந்த ஏட்டில் எண் எப்போதும் குறைத்தே காட்டும். 1377 பட்டியலோடு குழந்தைகளையும் விடுபட்டவர்களையும் சேர்த்தால் 22 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை வருகிறது.

இதற்கு நேர் எதிர், 1427-இல் பிளாரன்ஸ் நகர அரசு எடுத்த கணக்கு. அங்கே வரி முக்கியமாகத் தலைக்கு இல்லை, சொத்துக்கு. அதிலும் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு வாய்க்கும் சொத்து மதிப்பில் 200 பொற்காசு கழிவு. விடுவானா? தொட்டிலில் கிடக்கிற குழந்தையிலிருந்து கட்டிலில் கிடக்கிற கிழவி வரை எழுதிக் கொடுத்தான். 60,000 குடும்பம், 2 லட்சத்து 64 ஆயிரம் பேர். வீட்டுக்குச் சராசரி 4.4. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க நாம் எவ்வளவு ஆர்வமாக ஓடுகிறோம், வீட்டு வரி அளக்க ஆள் வந்தால் எப்படி மாடி அறையைப் பூட்டுகிறோம்! ஆறு நூற்றாண்டுக்கு முந்தைய மனிதனை நமக்குத் தெரியாதா என்ன?

அந்த ஏட்டில் வயதும் இருக்கிறது. 40, 50, 60 வயதுக்காரர்கள் ஏராளம். 41, 51, 61 அபூர்வம். எனக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்புக்கு நானும் வீடு வீடாகப் போனவள். "பாட்டி, வயசு என்ன?" என்றால் "அறுபது போட்டுக்கோம்மா" என்பார்கள். பக்கத்து வீட்டிலும் அறுபதுதான். அதற்காக நம் கணக்கெடுப்பையே கற்பனை என்று குப்பையில் போட்டோமா? முழு எண்ணில் வயது குவிவதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, சரிசெய்தோம்.

சரி, வீட்டுக்கு எத்தனை பேர் என்று பெருக்குவதில்தான் பித்தலாட்டம் என்றார் இரண்டாவதாகப் பேசிய தம்பி. 1086-இல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக்கணக்கு ஏட்டில் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் ஆட்கள், பெரும்பாலும் குடும்பத் தலைவர்கள். ஒருவர் மூன்றரையால் பெருக்குகிறார், இன்னொருவர் ஐந்தால் பெருக்குகிறார் என்று சிரித்தார். தம்பி, கல்யாணப் பந்தியில் சமையல்காரர் சாப்பிட்டவர்களின் தலையை எண்ணுவதில்லை, எச்சில் இலையை எண்ணுகிறார். தாய் இலையிலேயே சாப்பிட்ட குழந்தை உண்டு, இரண்டு பந்தியில் உட்கார்ந்த மாமா உண்டு. அதனால் 500 இலை விழுந்த கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் 480-ஆ 560-ஆ என்று சண்டை வரலாம். 50 பேரா 5,000 பேரா என்று சண்டை வராது. டூம்ஸ்டேயிலும் அப்படித்தான். வடக்கு மாவட்டங்கள் விடுபட்டன, லண்டன் விடுபட்டது, எல்லாம் சேர்த்து 12 லட்சத்திலிருந்து 22 லட்சம் வரை சொல்கிறார்கள். இடைவெளி பெரிதுதான். மறைக்கவில்லையே, எழுதித்தானே வைத்திருக்கிறோம்?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். சந்திரகிரிக் கோட்டைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறோம். தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரத்தார் முதலில் பெனுகொண்டாவிலும் அப்புறம் சந்திரகிரியிலும் இருந்து ஆண்டார்கள் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பேரரசு உச்சத்தில் இருந்தபோது வந்த போர்த்துக்கீசியர் பயேஸ், தலைநகரைக் குன்றின் மேலேறிப் பார்த்துவிட்டு, ரோம் அளவுக்குப் பெரிது என்றார். மக்கள் தொகையை எழுதினால் கட்டுக்கதை என்பார்கள் என்று பயந்து எழுதாமலே விட்டார். நல்ல மனிதர். அடுத்து வந்த இன்னொரு போர்த்துக்கீசியர் நூனிஸுக்கு அந்தப் பயம் இல்லை. 1520 ரெய்ச்சூர்ப் போருக்கு 7,03,000 காலாள், 32,600 குதிரை, 551 யானை என்று பட்டியல் போட்டார்.

ஏழு லட்சம் பேருக்கு ஆளுக்கு அறுநூறு கிராம் தானியம் என்றாலே நாளைக்கு 420 டன். ஒரு பொதிமாடு 120 கிலோ சுமக்கும் என்று வையுங்கள்: தினமும் 3,500 மாடுகள் முகாமுக்கு வந்து இறக்க வேண்டும். போய்வர பத்து நாள் ஆகும் என்றால் எப்போதும் 35,000 மாடுகள் வழியில். குதிரைக்குக் கொள்ளு, யானைக்குத் தழை, கோடையில் தண்ணீர், இதெல்லாம் தனி. அந்த எண்ணில் முகாமோடு வந்த வியாபாரிகள், சமையல்காரர்கள் எல்லோரும் கலந்திருக்கலாம். நாயக்கர்கள் தரக் கடமைப்பட்ட படை என்று ஏட்டில் மட்டும் இருந்த எண்ணாகவும் இருக்கலாம். எதுவானாலும் அப்படியே விழுங்கக் கூடாது என்பதில் எங்களுக்கும் எதிரணிக்கும் சண்டையில்லை.

மோர்லண்டு என்ற ஆங்கில அதிகாரி 1920-இல் படை எண்ணிக்கையை வைத்தே மக்கள்தொகையைச் சற்று அவசரமாகக் கணக்கிட்டார். தக்காணத்துச் சுல்தான்கள், விஜயநகரம் எல்லாம் சேர்ந்து 10 லட்சம் படை, ஒரு வீரனுக்கு 30 குடிமக்கள், ஆக தெற்கே 3 கோடி என்றார். 1600 வாக்கில் இந்தியா முழுவதுக்கும் 10 கோடி. அப்புறம் வந்த வரலாற்றாசிரியர் ஷிரீன் மூஸ்வி, அக்பர் ஆட்சியின் விவரங்களைச் சொல்லும் ஆயினே அக்பரி என்ற நூலில் இருக்கும் சாகுபடி நிலத்தையும் வரியையும் தோண்டி 14.5 கோடிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "பார்த்தீர்களா, நாலரை கோடி வித்தியாசம்!" என்று எதிரணி குதிக்கும். குதிக்கட்டும். படையை விட்டு நிலத்தைப் பிடித்ததும் கணக்கு திருந்தியது. கற்பனை என்றைக்காவது திருந்தியிருக்கிறதா?

நிலம் என்றதும் ராஜராஜன் நினைவுக்கு வருகிறான். அவன் காலத்து நில அளவையில் ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு வரைக்கும் கணக்கு எழுதினார்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதி. எறும்பு நிற்கக்கூடக் காணாது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடல் பெண்கள் 400 பேரை எந்தத் தெரு, எந்தச் சிறகு, அதாவது தெருவின் எந்தப் பக்க வரிசை, எத்தனையாவது வீடு என்று கல்லில் வெட்டினார்கள். ஆனால் சோழநாட்டு மக்கள் எத்தனை பேர் என்று ஒரு கல்லிலும் இல்லை. நெல் வருகிற இடத்தையும் நெல் போகிற இடத்தையும்தான் எண்ணினார்கள். அதனால் சோழ நாட்டுக்கு ஒற்றை எண் கேட்டால் எங்கள் அணி தராது. இத்தனை விளைநிலம் இத்தனை வயிற்றுக்கு மேல் தாங்காது என்ற உச்சவரம்பை மட்டும் தரும். கற்பனைக்காரனாக இருந்தால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிக் கை தட்டு வாங்கியிருப்பான்.

மணி அடிக்கிறது, நடுவர் ஐயா முறைக்கிறார். எனக்கு அடுத்து வரும் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். கிருஷ்ணதேவராயர் நாட்டில் ஒரு லட்சம் பேரும் இருந்திருக்கலாம், ஐம்பது கோடிப் பேரும் இருந்திருக்கலாம், எல்லாம் ஒன்றுதான் என்று இந்த மேடையில் சொல்லத் தயாரா? சொன்னால் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். "ஐம்பது கோடி எப்படிம்மா இருக்கும், சோறு எங்கிருந்து வரும்?" என்று அவர் வாயிலிருந்து வந்தால், இதோ எங்கள் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, நேராக இங்கே வந்து உட்கார்ந்துவிடலாம். வணக்கம்.