ஏரிக்கரையும் அறுபது சென்டிமீட்டர் சன்னலும்

வணக்கம் நேயர்களே. குழந்தைகளோடு மீன் காட்சியகத்துக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, உள்ளே நுழைந்ததும் பெரிய தொட்டியைத் தேடி ஓடுவது. ஜப்பானின் ஒகினாவா தீவில் உள்ள சுராவுமி காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். 2002 நவம்பரில் திறந்தது. தீவின் தலைநகரான நாஹாவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கே மேல்தளத்தில் நுழைந்து கீழே இறங்க வேண்டும். வெயில் படும் பவளப்பாறை முதலில், கடைசியில் இருண்ட ஆழ்கடல். கடலில் மூழ்குகிற வரிசை அது. அவசரப்பட்டால் அந்த வரிசை போய்விடும்.

நடுவில் வருவதுதான் அந்தப் பெரிய தொட்டி, பெயர் குரோஷியோ. திமிங்கலச் சுறாக்கள் நீந்துவது அதில்தான். 7,500 கன மீட்டர் தண்ணீர், 10 மீட்டர் ஆழம். முன்னால் ஒரே சன்னல்: 22.5 மீட்டர் அகலம், 8.2 மீட்டர் உயரம், தடிமன் மட்டும் 60 சென்டிமீட்டர். ஒரு முழத்தைவிட அதிகம்!

ஏன் அவ்வளவு தடிமன்? இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘அவ்வளவு தண்ணீரையும் தாங்க வேண்டாமா’ என்பார்கள். அது இல்லை. நம் ஏரிக்கரையை நினைத்துப் பாருங்கள். மேலே ஒற்றையடிப் பாதை, அடியில் அகலமான மண். தண்ணீர் ஒரு மைல் பரந்து கிடந்தாலும் கரைமேல் அழுத்தம் கூடாது. ஆழம் கூடினால்தான் கூடும். எட்டு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் எட்டு டன் தள்ளுகிறது. மறுபடி சொல்கிறேன்: பரப்பு அல்ல, ஆழம்.

அந்தச் சன்னல் கண்ணாடியும் அல்ல, ஆக்ரிலிக் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். மேசைக் கண்ணாடியின் ஓரத்தைப் பாருங்கள், பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சை 60 சென்டிமீட்டருக்குச் சேர்ந்தால் மீன் எப்படித் தெரியும்? ஆக்ரிலிக்கில் தகடு தகடாக ஒட்டினாலும் ஒட்டு கண்ணுக்குப் படாது. குறை ஒன்றுதான், எளிதில் கீறும். மோதிரமும் கைப்பேசி முனையும் பட்டாலே போதும். அதனால் பிள்ளைகளைத் தட்ட விடாதீர்கள்.

திமிங்கலச் சுறா திமிங்கலம் அல்ல, மீன். இதற்கு முன்பிருந்த பழைய காட்சியகத்துக்கு 1995-இல் கொண்டுவந்த ஜிந்தா என்ற ஆண் சுறா 8 மீட்டரையும் தாண்டி வளர்ந்தது. இரை போடும்போது அது தலையை மேலே வைத்து நெட்டுக்குத்தாக நின்று நீரோடு உறிஞ்சும். அதற்கு இடம் விட்டுத்தான் பத்து மீட்டர் ஆழம். வழக்கமாக பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் இரை போடுவார்கள். அன்றைய நேரத்தை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அரை மணி முன்னதாகப் போங்கள், ஆனால் சன்னலோடு ஒட்டி நிற்காதீர்கள். பக்கத்தில் நின்றால் வயிறு மட்டும் தெரியும். ஓரத்தில் நின்றால் ஒளி சாய்ந்து வந்து உருவம் நெளியும். நடுவில், நன்றாகப் பின்னால் நின்றால் முழு மீனும் தெரியும். அண்டாவில் தண்ணீர் நிறைந்தால் அடி மேலே வந்ததுபோல் தோன்றுமே, அதுபோல எல்லாமே கால் பங்கு நெருங்கித் தெரியும். ஆகவே சுறா இன்னும் பெரிதாக இருக்கும்.

கொம்புத் திருக்கைகள் பற்றி, 2007-இல் இங்கே பிறந்த குட்டி பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். கடிகாரம் விடவில்லை. படம் எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: ஃபிளாஷை அணையுங்கள், அது சன்னலில் பட்டு உங்கள் படத்துக்குள்ளேயே திரும்பி வரும். சன்னலுக்கு நேராக நின்று எடுங்கள், சாய்த்தால் விளிம்பில் வானவில் நிறம் கசியும். வெளியே டால்பின் காட்சிக்கும் கடலாமைகளுக்கும் கட்டணம் இல்லை, அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாலை 4 மணிக்குமேல் சீட்டு விலை குறைவு, ஐந்து மணி இரைக்கு அது போதும். புயல் நாட்களில் மூடிவிடுவதுண்டு. கிளம்பும் காலையில் விசாரித்துவிட்டுக் காரில் ஏறுங்கள். வணக்கம்.