பேரிடர் முடியட்டும் என்று காத்திருக்காத மழை

[காட்சி: செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகளில் பாயும் நீர்]

2020 நவம்பர் 25 அன்று, நிவர் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது, 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு முதன்முறையாகச் சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிடப்பட்டது. ஒருவருக்கொருவர் விலகி நில்லுங்கள் என்று எட்டு மாதங்களாகக் கேட்டுவந்த தாழ்வான பகுதி மக்கள், அன்று நிவாரண முகாம்களில் ஒரே கூரையின் கீழ் தங்க வேண்டியதாயிற்று.

கொரோனா முடியட்டும், காலநிலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அப்போது பலரும் சொன்ன வாதம். மருத்துவமனையில் படுக்கை கிடைக்காமல் தவித்த குடும்பங்களின் முன்னால் அந்த வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தப் ‘பிறகு’ சென்னைக்கு எப்போது வந்தது? 2015இல் வெள்ளம், 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது, 2020இல் கொரோனா, 2021 நவம்பரில் மீண்டும் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்.

இவற்றைத் தனித்தனி நெருக்கடிகளாகப் பிரித்துப் பார்ப்பதுதான் பிழை என்று நான் நினைக்கிறேன். அடிக்கடி கைகழுவுங்கள் என்ற அறிவுரை, தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் தெருவில் என்ன பொருள் தரும்? ஏரியையும் குளத்தையும் காப்பது காலநிலைப் பணி என்றால், அதுவே நோய்த்தடுப்புப் பணியும் ஆகும்.

[காட்சி: ரிப்பன் மாளிகை]

உலக வெப்பமயமாதலுக்கு மாநகராட்சி என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. மழைநீர் வடிகால், குப்பை, சாலை, பூங்கா ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பில்தான் இருக்கின்றன; 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு சேர்க்கப்பட்ட 12ஆவது அட்டவணை, சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் நகர உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. இத்தாலியின் மிலான் நகர நிர்வாகம், கொரோனா கடுமையாகத் தாக்கியிருந்த 2020 ஏப்ரலிலேயே, 35 கிலோமீட்டர் அளவுக்குத் தெருக்களில் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் கூடுதல் இடம் ஒதுக்கும் திட்டத்தை அறிவித்தது.

அதே காலத்தில் சென்னையில் முறையிடுவதற்கு வார்டு கவுன்சிலரே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மாமன்றத்துக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் மீண்டும் தேர்தல் நடந்தது. வறட்சியும் நோயும் வெள்ளமும் வந்துபோன அந்த ஐந்தாண்டுகளில் 200 வார்டுகளின் குரலும் மன்றத்தில் ஒலிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

[காட்சி: வீட்டு வாசலைவிட உயர்ந்து நிற்கும் தார்ச்சாலை]

இன்று கவுன்சிலர் இருக்கிறார். வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக்கும் 2022இல் விதிகள் வந்துவிட்டன. அங்கே ‘காலநிலையைக் காப்பாற்றுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால், பொதுவான பதில்தான் கிடைக்கும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் புதிய சாலை போடக் கூடாது என்று உங்கள் தெருவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வடிகால் எந்த நீர்நிலையில் போய்ச் சேருகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தைக் கேளுங்கள். பட்ஜெட் முடிவாவதற்கு முன்பே, எழுத்து வடிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு நெருக்கடியைக் காரணம் காட்டி அந்த வேலை தள்ளிவைக்கப்பட்டால், அடுத்த கூட்டத்தில் அதே மனுவோடு எழுந்து நில்லுங்கள்.