தண்ணீர் வருகிற வழி

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை அடையாறு தொல்காப்பியப் பூங்காவைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போகிற உயிரியல் ஆசிரியை நான். பூங்கா என்றதும் புல்தரை, ஊஞ்சல், பஞ்சுமிட்டாய் என்று பிள்ளைகள் கனவு காண ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் பஸ்ஸிலேயே சொல்லிவிடுவேன்: விளையாடப் போகவில்லை, பார்க்கப் போகிறோம். ராஜா அண்ணாமலைபுரத்தில் டி.ஜி.எஸ். தினகரன் சாலையோரம் இருக்கிற இந்த 58 ஏக்கரின் நடுவில் ஓர் உப்பங்கழி இருக்கிறது. கடல்நீரும் மழைநீரும் கலக்கிற தண்ணீர். செடி, நண்டு, பறவை எல்லாமே அதை நம்பித்தான் இருக்கின்றன.

அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இந்தக் கழி பிரிந்து, குயிபிள் தீவைச் சுற்றி வளைகிறது. கழியும் முகத்துவாரமுமாக மொத்தம் 358 ஏக்கர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூங்கா அதில் மீட்கப்பட்ட முதல் பகுதி. அதற்கு முன் பல வருஷங்கள் நகரம் அங்கே குப்பையைக் கொட்டியது; இடித்த வீட்டுக் கல்லும் மண்ணும் வந்து விழுந்தன; சாக்கடை கலந்தது; சீமைக்கருவேலம் மண்டியது. மீட்பதற்காக ஓர் அறக்கட்டளை அமைந்தது. இன்றைய சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை அதுதான். ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனக் குழு திட்டம் போட்டுக் கொடுத்தது. 2011 ஜனவரியில் பூங்கா திறக்கப்பட்டது.

மரம் நட்டதைத்தான் எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது மண்ணைத் தோண்டியதை. தூர்ந்துபோன கழியை ஆழப்படுத்தி, கடலின் ஏற்றவற்றம் மறுபடி உள்ளே வர வழிசெய்தார்கள். தண்ணீர் வந்த பிறகு பாதி வேலையை அதுவே பார்த்துக்கொண்டது. மேட்டில் வைத்த கன்றுகளும் இந்தக் கடற்கரையின் பழைய காட்டுக்குச் சொந்தமானவை: வீரை, நாவல், புன்னை, வெப்பாலை. சோழமண்டலக் கரையோரம் ஒருகாலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள் இவை. இப்போது கோயில் காடுகளிலும் கிண்டி மாதிரி சில இடங்களிலும் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கின்றன.

தண்ணீரோரம் இறங்கினால் அலையாத்தி. சேற்றிலிருந்து பென்சில் கனத்தில் நூற்றுக்கணக்கான குச்சிகள் நிமிர்ந்து நிற்கும். அவை அந்த மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. அலையாத்தி இலையை உற்றுப் பார்த்தால் சில நாள் பொடிப்பொடியாக ஏதோ மின்னும். ஒரு பெண்பிள்ளை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "மிஸ், உப்பு!" என்று கத்தினாள். வேர் வழியாக ஏறிவிட்ட உப்பை இலை வெளியே தள்ளுகிறது. பக்கத்திலேயே நிற்கிற சுரபுன்னை அதற்கு வேறு வழி வைத்திருக்கிறது, உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும். கனம் கூடியதும் விழும். நீர் வற்றியிருந்தால் அடியிலேயே சேற்றில் குத்தி நிற்கும், ஏறியிருந்தால் மிதந்துபோய் வேறு கரையில் வேர்பிடிக்கும்.

அப்புறம் நண்டு. பிள்ளைகளை நான் அதிக நேரம் நிறுத்தி வைப்பது இங்கேதான். கரையில் விரல்நுனி அளவு நண்டுகள் இருக்கும், ஆணுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிது. நாம் போன உடனே சேறு வெறிச்சோடிவிடும். அசையாமல் ஐந்து நிமிஷம் நின்றால் ஒவ்வொரு வளையிலிருந்தும் கண் எட்டிப் பார்க்கும், பிறகு கால், பிறகு முழு நண்டு. சின்னக் கையால் சேற்றை அள்ளி வாயில் வைத்து, சத்தை எடுத்துக்கொண்டு, மீதியைக் குட்டி உருண்டையாகக் கீழே வைக்கும். ஆண் நண்டு பெரிய கையைத் தூக்கித் தூக்கி அசைத்துப் பெட்டையைக் கூப்பிடும். பூங்காவுக்குப் பெயர் தந்த தொல்காப்பியம், உயிர்களை அறிவின்படி வகுக்கும்போது நண்டை நான்கறிவு உயிர்களோடு வைக்கிறது. தொடுதல், சுவை, மணம், பார்வை உண்டு, செவி இல்லை என்பது அதன் கணக்கு. தரை அதிர்வதை நண்டு உணரும் என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. பிள்ளைகளில் ஒருவர் காலைத் தட்டினால் போதும், மொத்தக் கூட்டமும் காணாமல் போகும்.

பறவைகளுக்கு நீண்ட பட்டியல் வாசிக்கப் போவதில்லை. மடையான், முக்குளிப்பான், தாழைக்கோழி, மீன்கொத்தி, நீர்க்காகம் இவற்றை ஓரளவு எதிர்பார்க்கலாம். காலையில் சீக்கிரம் போங்கள், வெயில் ஏறிவிட்டால் பலவும் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். உள்ளே சுற்றுச்சூழல் கல்வி மையம் இருக்கிறது. முதலில் அங்கே போய்விட்டு நடப்பதைவிட, நடந்து முடித்துவிட்டு அங்கே போவதுதான் எனக்குப் பிடித்த முறை. பார்த்ததைப் பற்றிக் கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்கு அப்போது விஷயம் இருக்கும். தின்பண்டப் பொட்டலங்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பறவைக்குப் பொரி போடவும் வேண்டாம், அதற்கு வேண்டியது சேற்றில் இருக்கிறது. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த 58 ஏக்கரின் உயிர் வேலிக்கு வெளியே, பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே அடையாறு கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது. கோடையில் ஆற்றில் வேகம் குறையும்போது கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து முகத்துவாரத்தை அடைக்கும். அடைபட்டால் ஏற்றவற்றம் உள்ளே வராது. தண்ணீர் தேங்கும், சாக்கடையின் பங்கு கூடும், மீன்குஞ்சு ஏறாது. அதனால்தான் அங்கே மணல் அள்ளுகிற வேலையைச் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைப் பற்றி நாம் யாரும் கேட்பதில்லை, நாம் கேட்க வேண்டும். அடுத்த முறை அங்கே இருக்கிற உடைந்த பாலம் பக்கம் போனால், முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் உங்கள் வட்டக் கவுன்சிலரிடம் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.