குடிமதிப்பில் விடுபட்ட வீடு

(2025இல் பாளையங்கோட்டையில் நடந்த ஒரு கிறிஸ்துமஸ் மாலைக் கூட்டத்தில், ஏரல் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு முன்னாள் ஊராட்சித் தலைவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் அக்கா தங்கச்சிமார்களுக்கும் வணக்கம். எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஊசிக்கோபுரம் இருக்கிற ஊரில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சின்ன வயதில் கிறிஸ்துமஸ் துணி எடுக்க அப்பாவோடு பஸ் ஏறி இங்கே வருவோம். எடுத்த துணி மறந்துவிட்டது, அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தது மறக்கவில்லை. எங்கள் ஊர் ஏரலுக்குப் பக்கம், தாமிரபரணிக் கரை. 1986இல் தூத்துக்குடியைத் தனி மாவட்டமாகப் பிரித்த பிறகும், வெளியூரில் யாராவது கேட்டால் 'திருநெல்வேலிப் பக்கம்' என்றுதான் எங்களுக்கு வாயில் வருகிறது.

2020 ஜனவரியிலிருந்து ஐந்து வருடம் ஊராட்சித் தலைவராக இருந்தேன். கிறிஸ்துமஸையும் பொதுவாழ்வையும் சேர்த்துப் பேசச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தால் எனக்கு இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேர்கின்றன. குடிமதிப்பு.

லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விடியற்காலையிலும் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த அதிகாரம் ஓர் அரசாங்க உத்தரவோடு ஆரம்பிக்கிறது. தேவதூதரும் மேய்ப்பரும் அப்புறம்தான் வருகிறார்கள். உலகமெங்கும் குடிமதிப்பு எழுதவேண்டும் என்று அகுஸ்து இராயன் கட்டளை போடுகிறான். நாம் இன்றைக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்கிறோமே, அதுதான். அவரவர் பூர்வீக ஊருக்குப் போய்ப் பேர் பதிய வேண்டும். நாசரேத்தில் இருந்த யோசேப்பு, பிள்ளைத்தாய்ச்சியான மரியாளைக் கூட்டிக்கொண்டு பெத்லகேமுக்குப் புறப்படுகிறார். நேர்கோட்டில் அளந்தாலே 100 கிலோமீட்டருக்கு மேல். இங்கிருந்து கன்னியாகுமரி அதைவிடக் கிட்டே. போன இடத்தில் சத்திரத்தில் இடமில்லை. பிள்ளையை மாட்டுக் கொட்டிலில், முன்னணையில் கிடத்துகிறாள்.

தலைவராகும் வரைக்கும் எனக்கு இது பழகிப்போன கதை. தலைவரான பிறகு அந்த முதல் வசனத்தைத் தாண்டி என்னால் சீக்கிரம் போக முடியவில்லை. ஏனென்றால் ஊராட்சி அலுவலகத்தில் வேலை என்பதே பட்டியல்தான். வாக்காளர் பட்டியல், நூறு நாள் வேலைப் பட்டியல், வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிப் பட்டியல், குடிநீர் இணைப்புப் பட்டியல். வாசலில் வந்து நிற்கிறவர்கள் "ஏம்மா, எம்பேரு அதுல இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். இருக்கிறது என்றால் முகம் மலரும். இல்லை என்றால் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார்கள். அந்த நிற்பை ஐந்து வருடம் பார்த்திருக்கிறேன்.

என் தேர்தலே கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் வந்தது. 2019 டிசம்பர் 27, 30 என்று இரண்டு கட்டமாக வாக்குப்பதிவு. ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. சொந்தக்காரர்களும் கூடப் படித்தவர்களும்தான் நமக்குக் கட்சி. வாக்காளர் பட்டியலை நகல் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம். கோயில் தெரு முடித்து, அம்மன் கோயில் தெரு முடித்து, வாய்க்கால் கரைக்குப் போகிற ஒற்றையடிப் பாதைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. கரையில் ஓலைக் குடிசை ஒன்று தெரிந்தது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கூட வந்த தம்பி பட்டியலில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, அங்க ஓட்டு இல்ல" என்றான். திரும்பிவிட்டோம்.

அன்றைக்கு ராத்திரி எங்கள் சபையின் கேரல் ரவுண்ட்ஸ். என் சிறுவயதில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் வைத்து ஒருவர் முன்னே நடப்பார், பின்னால் டிரம்மும் ஜால்ராவுமாகப் போவோம். இப்போது குட்டியானை வண்டியில் மைக் செட்டும் நட்சத்திர விளக்கும். மற்றபடி எல்லாம் அதேதான். வீட்டு வாசலில் பாட்டு, ஒரு சின்ன ஜெபம், அச்சுமுறுக்கு, கருப்பட்டிக் காப்பி, காணிக்கைக்கு ரசீது. பிரச்சாரக் களைப்பில் நான் திண்ணையில் படுத்திருந்தேன். பாட்டுச் சத்தம் கோயில் தெருவைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டி, தூரத்தில் வாய்க்கால் கரையிலிருந்து கேட்டது. நாங்கள் திரும்பி வந்த அதே குடிசையின் முன்னால் பிள்ளைகள் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். வண்டி போகாத இடம், டிரம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த இரவை இன்றுவரை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த இடத்தில் என் அம்மாவின் கைப்பிடி அரிசிப் பானையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் வீட்டிலும் அது இருந்திருக்கும். உலையில் அரிசி போடும் முன் சபை ஊழியத்துக்கென்று ஒரு கைப்பிடி எடுத்து அந்தப் பானையில் போடுவாள். நடவுக்குப் போய் வந்த கூலி அரிசியிலும் அந்தக் கைப்பிடி குறையாது. இதே பாளையங்கோட்டையில் 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்தியப் பணத்தில் இந்திய ஆட்களே நடத்துவது என்று வைத்துத் தொடங்கினார்கள். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதிக்கு இங்கிருந்து ஆள் அனுப்பினார்கள். அதற்கு முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா நம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அந்த மாதிரி ஊழியங்கள் அம்மா மாதிரிப் பெண்களின் பானைகளை நம்பித்தான் நடந்தன. போட்டவளின் பேர் அந்தப் பானையில் இல்லை. அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களிடமும் யாரும் அட்டை கேட்கவில்லை. அரசாங்கம் அப்படி நடக்க முடியாது, கணக்கு வேண்டும், பட்டியல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கிராம சபையில் வரவு செலவை ஒவ்வொரு வரியாக நானே சத்தமாக வாசித்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பானை என் மனதை விட்டுப் போனதில்லை.

சரி, 2023க்கு வருகிறேன். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பதே அவ்வளவு இல்லை. குளங்கள் உடைந்தன, ஆறு ஊருக்குள் வந்தது. ஏரல் நாள்கணக்கில் வெளியுலகத் தொடர்பில்லாமல் கிடந்தது. எங்கள் ஊரில் மேடு என்றால் கோயில்தான். சர்ச் என்று யாரும் எங்களிடம் சொல்வதில்லை, கோயில்தான். எல்லாத் தெருக்காரர்களும் அங்கே ஏறினோம். நிறைமாதக்காரப் பெண் ஒருத்தியை, ஐயர் அங்கி மாற்றும் அறையில் படுக்க வைத்தோம். சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். தரை ஈரம். ஒரு மைனி தயங்கித் தயங்கி ஆல்டர் விரிப்பை எடுத்தார். ஐயர் ஒன்றும் சொல்லாமல் பீரோவிலிருந்து இன்னொரு விரிப்பையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அதே ராத்திரியில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். சுமார் 800 பயணிகள், சுற்றிலும் தண்ணீர். பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள் தங்கள் வீடு வாசலும் வெள்ளத்தில் கிடக்கும்போது, அம்மன் கோயிலில் சமைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். அந்த 800 பேரில் ஒருவருடைய பேரும் அவர்களுக்குத் தெரியாது. அந்த வருடம் பெத்லகேமைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டிருந்தால் புதுக்குடிக்குப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் நட்சத்திரம் தொங்கவில்லை. கோயிலுக்குள் படிந்த சேற்றை அம்மன் கோயில் தெருப் பையன்களும் சேர்ந்து மண்வெட்டியால் வழித்தார்கள். காலை ஆராதனையில் சேற்று வாடை போகவில்லை. ஐயர் லூக்காவை வாசித்தார். குடிமதிப்பு என்ற சொல் வந்தபோது என் மடியில் ஒரு நோட்டு இருந்தது. யார் வீடு போயிற்று, யார் ஆடு போயிற்று என்று நான் எழுதி வைத்திருந்த நோட்டு.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6000 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. ரேஷன் கடை வழியாக, குடும்ப அட்டையை வைத்து. பெரும்பாலானவர்களுக்கு வந்து சேர்ந்தது, அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் மேட்டுத் தரிசில் கிடை போட்டிருந்த கீதாரி ஒருவருக்கு வெளி மாவட்ட அட்டை. பாதி ஆட்டை வெள்ளத்தில் விட்டவர், பட்டியலில் இல்லை. மேய்ப்பன் இல்லாமல் கிறிஸ்துமஸ் ஏது என்று மேடையில் பேசுகிற ஊரில், நம் தரிசில் கிடந்த மேய்ப்பனை எந்தத் தாளில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. விடுபட்டவர்களின் பேரை எழுதி மனுவாகக் கொடுத்தேன், அவர் பேரையும் சேர்த்து.

கொடுத்துவிட்டு வந்த சாயங்காலம், கேரல் குழுவில் டிரம் அடிக்கிற தம்பி வந்தான். "அக்கா, வாய்க்கால் கரை ஆச்சியை எழுதுனீங்களா?"

எழுதவில்லை. அவர் வந்து கேட்கவும் இல்லை. குடிசை வெள்ளத்தோடு போய்விட்டது, ஆச்சி தோட்டக்காரருடைய மோட்டார் அறையில் ஒண்டியிருந்தார். எப்போதோ வாழைத்தோட்டக் காவலுக்கு வெளியூரிலிருந்து வந்த குடும்பம், புருஷன் செத்த பிறகு ஒற்றை ஆள். ஓட்டு இல்லை, அட்டை இல்லை. 2019இல் நான் திரும்பி வந்த அதே வாசல். நாலு வருடம் தலைவராக இருந்தும் அந்த ஒற்றையடிப் பாதையில் நான் நடக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தம்பி கையில் பழைய ரசீதுப் புத்தகம் இருந்தது. அடிக்கட்டையைப் புரட்டிக் காட்டினான். ஒவ்வொரு வருடமும் ஒரு வரி: வாய்க்கால் கரை ஆச்சி, ரூ.10. எங்கள் ஊரில் அவர் இருப்பதற்கு இருந்த எழுத்து அது ஒன்றுதான்.

அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தோம். அலைச்சலைச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கவில்லை. இந்த வருடம் ஆடி மாதம் குடும்ப அட்டை அவர் கைக்கு வந்தது. அப்போது நான் பதவியில் இல்லை. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போய்விட்டன.

2011க்குப் பிறகு நம் நாட்டில் குடிமதிப்பு எடுக்கவில்லை. அடுத்தது 2027க்கு. அதன் முதல் கட்டமாக வருகிற வருடம், 2026இல், வீடுகளைக் கணக்கெடுக்கப் போகிறார்கள். இந்தக் கூட்டத்தில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். போகிற ஊரில் கேரல் பாடுகிற பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். தெருவில் கடைசி வீடு எது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடும் தெரியும்.

போன வருடம், 2024, நான் தலைவராக இருந்த கடைசிக் கிறிஸ்துமஸ். பிள்ளைகளோடு நானும் வாய்க்கால் கரைக்குப் போனேன். ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆச்சிக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்திருந்தோம். பாட்டு முடிந்தது. ஆச்சி சுருக்குப்பையை அவிழ்த்துப் பத்து ரூபாய் எடுத்தார். ரசீது எழுத நான் புத்தகத்தை வாங்கினேன். வழக்கம்போல 'வாய்க்கால்' என்று ஆரம்பித்திருந்தேன்.

"அது வேண்டாம் தாயி, எம்பேரைப் போடு" என்றார் ஆச்சி.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அடுத்த தாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பேர், தகப்பன் பேர், புருஷன் பேர், பிறந்த ஊர். ரசீதில் அவ்வளவுக்கு இடமில்லை, ஓரத்தில் குறுக்காக எழுதினேன். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார், வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் ரசீதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, எங்களுக்குக் காப்பி போட உள்ளே போனார்.