சந்தேகங்களுக்கு விளக்கம்: கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றவர்கள்

இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாட்களாக என் மனத்தை விட்டு நீங்கவில்லை. களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய மகன் 31ஆவது வாரத்தில் அவசர சத்திரசிகிச்சை மூலம் பிறந்து, குறைமாதக் குழந்தைகளுக்கான பிரிவில் 36 நாட்கள் இருந்துவிட்டு வீடு வந்திருக்கிறான். இப்போது அவனுக்கு 8 மாதம். குப்புறப் புரள்கிறான், பிடித்து இருத்தினால் இருக்கிறான், நிறையும் நன்றாக ஏறியிருக்கிறது. மனைவியோ இரவில் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்தபடிதான் படுக்கிறார். கை நழுவினால் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறார். பக்கத்து ஒழுங்கையில் மணல் லொறி பின்னுக்கு வரும்போது எழும் 'பீப் பீப்' சத்தம் கேட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையிடம் ஓடுகிறார். "பிள்ளை 1,400 கிராமில் பிறந்ததால்தான் அவவுக்கு இந்தப் பயமா, அல்லது அவவுடைய மனம் பலவீனமானதா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இரண்டும் இல்லை. எங்கள் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும்: பிள்ளையின் ரிக்கற்றை, அதாவது வைத்தியசாலையில் எழுதிவைக்கும் சிகிச்சைக் குறிப்பேட்டை, பார்த்துத் தாயின் மனத்தை வாசிக்க முடியாது. ரிக்கற்றில் நிறை இருக்கும், ஒட்சிசன் எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பது இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றவர் அந்த இரவில் என்ன நினைத்தார் என்பது அதில் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

உங்கள் மனைவிக்கு இருப்பதை நேரில் காணாமல் நான் உறுதியாகச் சொல்லக்கூடாது. ஆனாலும் நீங்கள் விவரித்தவை மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டு நோய் என்று நாம் சொல்வதன் அடையாளங்களோடு பெரிதும் பொருந்துகின்றன. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இந்த நோய் முதன்முதலாகப் பெயர் பெற்றபோது, போரிலிருந்து திரும்பிய படைவீரர்களே பலருடைய மனத்திலும் இருந்தார்கள். 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு, தன் பிள்ளைக்கு உயிராபத்தான மருத்துவ நெருக்கடி ஏற்படுவதைக் கண்ணால் காண்பதையும் இத்தகைய அனுபவங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. நடந்தது நினைவிலும் கனவிலும் வலிந்து திரும்பி வருதல், அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் தவிர்த்தல், தன்னைத் தானே குற்றம் சாட்டுதல், சிறு ஒலிக்கும் உடல் துள்ளி எழுதல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும்போதுதான் அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறோம். சென்ற மாதம் நாம் பேசிய பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வு இதிலிருந்து வேறானது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. அந்தப் பேச்சில் நான் காட்டிய 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாக்கொத்து, கடந்த 7 நாட்களின் சோர்வையும் பதற்றத்தையும்தான் கேட்கிறது. லொறிச் சத்தத்துக்கு ஓடும் தாயை அது தவறவிடக்கூடும்.

இனி, ஏன் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வருவதில்லை என்ற விடயத்துக்கு வருகிறேன். பிள்ளையின் நோய் எவ்வளவு கடுமையானது என்று வைத்தியர்கள் அளந்த அளவு, பெற்றோருக்கு இந்த நோய் வருமா என்பதை நிலையாக முன்கூட்டிக் காட்டுவதில்லை. சில ஆய்வுகளில் தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் தெரிவதில்லை. பிள்ளை பிழைக்காது என்று பெற்றோர் எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்பதே பெரும்பாலும் அதைவிட உறுதியான அடையாளமாக இருக்கிறது.

பத்தாண்டுகளுக்கு முன்னர் நான் உளவளத்துணையாளராகப் போய்வந்த ஒரு பிரிவில் இதைக் கண்ணால் கண்டேன். அங்கே அன்றைக்கு இருந்த பிள்ளைகளில் ஆகவும் சுகமான பிள்ளை, மஞ்சட்காமாலைக்காக இரண்டு நாட்கள் நீல வெளிச்சத்தின் கீழ் வைக்கப்பட்ட ஒரு பெண் குழந்தை. நிறைமாதம், நல்ல நிறை, நன்றாகப் பாலும் குடித்தது. அதன் தாய்தான் அந்த வார்ட்டில் ஆகவும் நிலைகுலைந்திருந்தார். பிள்ளையின் பக்கம் போக மறுத்தார், போனால் கைகால் நடுங்கியது. தாதிமார் "பால் கொடுக்க விருப்பமில்லாத தாய்" என்று சலித்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் அவர் என்னிடம் சொன்னது ஒரே வசனம்: "கண்ணைக் கட்டிப் போட்டிருக்கிறாங்க." வெளிச்சம் கண்ணைப் பாதிக்காமல் இருக்க வெள்ளைத் துணியால் மூடுவார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும், அவருக்கு யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு, அவர் ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோது, அவருடைய அண்ணனைக் கண்ணைக் கட்டித்தான் கொண்டுபோனார்கள். அண்ணன் திரும்பி வரவில்லை.

அதே அறையில், 950 கிராமில் பிறந்த ஒரு பையனின் தாயும் இருந்தார். எழுபது நாட்களுக்கு மேல் இருந்தார்கள். இரண்டு தடவை கிருமித்தொற்று வந்தது. ரிக்கற்றை வைத்து மதிப்பிட்டால் இவர்தான் உடைந்திருக்க வேண்டும். ஆனால் அங்கிருந்த மூத்த மிஸ்ஸி ஒருவர் முதல் வாரத்திலேயே அவரைக் கூப்பிட்டு, குழாய் வழியாகப் பால் போகும்போது ஊசிக்குழலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். துணி மாற்றச் சொன்னார். பிறகு பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக் கட்டிவிட்டார். அந்தத் தாய் அழவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1993இல் மார்கரெட் மைல்ஸ் என்ற தாதியியல் ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் இத்தகைய பெற்றோரின் நெருக்கீட்டை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அது பிரிவின் காட்சிகளையும் ஒலிகளையும் பற்றிக் கேட்கிறது. பிள்ளையின் தோற்றத்தையும் நடத்தையையும் பற்றிக் கேட்கிறது. பெற்றோராக இருக்க முடியாமற்போனதையும் கேட்கிறது. பின்னர் பல நாடுகளில் இதைப் பயன்படுத்தியபோது, அந்தக் கடைசிப் பகுதிதான் திரும்பத் திரும்ப ஆகக் கூடிய நெருக்கீட்டைக் காட்டியது. மனத்தைப் பிழிவது இயந்திரத்தைக் காட்டிலும், தன் பிள்ளையைத் தூக்க இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருப்பதுதான்.

மற்றக் காரணிகளையும் சொல்லிவிடுகிறேன். முன்னைய மனவடுக்கள், முன்பு இருந்த மனச்சோர்வு அல்லது பதற்ற நோய், கருச்சிதைவு அல்லது பிள்ளை இழப்பு, கர்ப்பகால உயர் குருதியமுக்கம் போன்ற சிக்கல்கள், அவசர சத்திரசிகிச்சை, ஆதரவின்மை ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. 1978ஆம் ஆண்டுச் சூறாவளி, போர், 2004 டிசம்பர் 26 ஆகியவற்றையெல்லாம் வாழ்ந்து கடந்த கரையில் முன்னைய மனவடுவைக் கேட்காமல் ஒரு தாயை மதிப்பிடுவது எனக்குப் புரியாத காரியம். ஆதரவைப் பொறுத்தவரை நம் வீடுகளில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால், வந்து பார்க்கும் ஆட்கள் "பாரம் தூக்கினியா?" என்றும், 31ஆம் நாள் துடக்குக் கழிந்ததும் "அதுதான் பிள்ளை சுகமாகிட்டுதே, இன்னும் என்ன?" என்றும் கேட்டால், அதை ஆதரவுக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு இவ்வளவுதான். நீங்கள் கேட்காத ஒன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. இரண்டு பக்கம் மனைவியைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் வேடிக்கைபோல ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "நான் இப்ப அந்த ஆஸ்பத்திரி வாசலால போறதில்ல, சுத்தித்தான் போற, பெற்றோல் காசுதான் வீண்." என் மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது இந்த வரிதான்.

அன்றிரவு நடந்ததையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையை அம்புலன்ஸில் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். மனைவி தையலோடு பிறந்த இடத்திலேயே இருந்தார். பின்னால் மோட்டார் சைக்கிளில் போனவர் நீங்கள். பிள்ளையை முதலில் கண்டவர் நீங்கள். ஒரு கட்டிலுக்கும் மறு கட்டிலுக்கும் இடையில் செய்தி சுமந்தவர் நீங்கள். கெட்டதைக் குறைத்துச் சொன்னவரும் நீங்கள்தான். தந்தையரிடம் இந்த நோயின் அடையாளங்கள் பிந்தி, பிள்ளை வீடு வந்து பல மாதங்கள் கழித்து வெளிப்படுவது ஆய்வுகளிலும் காணப்பட்டிருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், கல்யாணம் முடித்த ஆண் பெரும்பாலும் மனைவி வீட்டில்தான் வந்து இருக்கிறார். பிள்ளைப் பெற்றவளுக்குப் பத்தியச் சோறும் தாயின் மடியும் அங்கே உண்டு. அது பெரிய பேறு. மாமியார் வீட்டு விறாந்தையில் மருமகன் அழுவதற்கு ஓர் இடம் உண்டா? "மருமகன் நல்ல கெட்டி" என்று சொல்லிவிடுவார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அந்த வாசல் இப்போது முடியாதென்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிலோ தொடங்குங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். மனவடுவை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சைகளால் இது குணமாகக்கூடியது. சில மாதங்கள் பிடிக்கலாம். இரவுகளை மாறி மாறிப் பாருங்கள். பிள்ளையின் நெஞ்சில் அவர் வைக்கும் கையை எடுக்கச் சொல்லி அதட்ட வேண்டாம். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள், கை தானாகத் தளரும்.

பிரிவுகளை நடத்துபவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2022இல் குறைமாதக் குழந்தைகளுக்கு, பிறந்தவுடனே தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை நெஞ்சோடு அணைக்கும் கங்காரு பராமரிப்பைப் பரிந்துரைத்தது. தந்தையும் அதைச் செய்யலாம். கிருமித்தொற்றுப் பயம் நியாயமானதுதான். கை கழுவக் கற்றுக்கொடுத்தால் தகப்பனும் கழுவுவார்.

அடுத்த முறை எழுதும்போது, தம்பி, மனைவியை விட்டுவிடுங்கள். நீங்கள் சுற்றிப் போகிற அந்தப் பாதையைப் பற்றி மட்டும் எழுதி அனுப்புங்கள். எந்தச் சந்தியில் திரும்புகிறீர்கள், அந்த இடத்தில் உடம்பில் என்ன நடக்கிறது என்று.