‘டீமை வித்துட்டுப் போ!’ என்று கத்தினால் ஓனர் போவாரா?

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். ரசிகர்கள் அத்தனை பேரும் வெறுக்கிற ஓர் ஓனரை, லீக் நினைத்தால் வெளியே அனுப்ப முடியுமா?

இந்தக் கேள்வியைப் பற்றிப் படிக்கப் படிக்க என் மனது ஓர் இடத்திலேயே போய் நின்றது. அமெரிக்காவில் ஓக்லாந்து நகரம். அங்கே ஒரு கூடைப்பந்து அரங்கமும், கொலிசியம் என்கிற பேஸ்பால் மைதானமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 2014இல் அந்தக் கூடைப்பந்து அரங்கத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வீரர்கள் சேர்ந்து தங்கள் ஓனருக்கு ஒரு எதிர்ப்பைக் காட்டினார்கள். அந்த ஓனர் போய்விட்டார். 2023இல் பக்கத்து மைதானத்தில் இருபத்தேழாயிரம் பேர் சேர்ந்து கத்தினார்கள். அந்த ஓனர் போகவில்லை, ஊரை விட்டுப் போனது அணிதான். ஏன் இப்படி?

முதலில் 2014. லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் கூடைப்பந்து அணியின் ஓனர் டொனால்ட் ஸ்டெர்லிங். 1981இல் ஏறக்குறைய 1.25 கோடி டாலருக்கு அணியை வாங்கியவர். கறுப்பின மக்களை என் ஆட்டங்களுக்குக் கூட்டி வராதே என்கிற மாதிரி அவர் தனிப்பட்ட முறையில் பேசிய ஒலிப்பதிவு ஏப்ரல் 25 அன்று வெளியானது. அப்போது பிளேஆஃப் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 27, ஓக்லாந்தில் ஆட்டம். கிளிப்பர்ஸ் வீரர்கள் மைதானத்தின் நடுவில் வந்து நின்று, மேல்சட்டையைக் கழற்றிக் கீழே போட்டார்கள். உள்ளே போட்டிருந்த பயிற்சிச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி அணிந்திருந்தார்கள். அணியின் பெயரே தெரியக் கூடாது என்று. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் காட்சியை இப்போது பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அடுத்த இரண்டு நாளில் ஸ்பான்சர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வேறு அணி வீரர்களும் ஆட்டத்தைப் புறக்கணிக்கத் தயாரானார்கள். ஏப்ரல் 29 அன்று, பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத ஆடம் சில்வர், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் கமிஷனர், அதாவது தலைமை நிர்வாகி, அறிவித்தார்: ஸ்டெர்லிங்குக்கு ஆயுள் தடை, 25 லட்சம் டாலர் அபராதம். விதி அனுமதித்த உச்ச அபராதமே அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தடை போடலாம், அபராதம் போடலாம், அது கமிஷனர் கையில் இருக்கிறது. அணியைப் பிடுங்குவது அவர் கையில் இல்லை. என்பிஏவின் சட்ட விதிகளில் அதற்கென்று தனிப் பிரிவே உண்டு. சூதாட்டம், கடனைக் கட்டாமல் இருப்பது, ஒப்பந்தத்தை மீறி லீகுக்குக் கேடு செய்வது என்று காரணங்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் காரணத்தை நிரூபித்து, மற்ற ஓனர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் ஓட்டுப் போட வேண்டும். மக்களுக்குப் பிடிக்கவில்லை என்பது அந்த வரிசையில் கிடையாது. தோற்றுக்கொண்டே இருப்பதும் கிடையாது.

ஓட்டுப் போடுவது யார்? மற்ற ஓனர்கள். இன்றைக்கு அவன், நாளைக்கு நானா என்கிற பயம் ஒவ்வொருவருக்கும் இருக்கும். டல்லஸ் அணியின் ஓனராக இருந்த மார்க் கியூபன், ஒருவர் வீட்டுக்குள் பேசியதற்காக அணியைப் பறிக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அப்போதே கவலைப்பட்டார். பிறகு கமிஷனரின் முடிவை அவரும் ஆதரித்தார். அந்தக் கவலை நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கமிஷனரை வேலைக்கு வைப்பதும் இதே ஓனர்கள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஸ்டெர்லிங் 2014இல் திடீரென்று மாறிப்போனவர் இல்லை. அவருடைய வாடகை வீடுகளில் கறுப்பின, ஹிஸ்பானிய மக்களுக்குப் பாகுபாடு காட்டினார் என்று அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டு, 2009இல் அவர் ஏறக்குறைய 27 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். பணம் கொடுத்தாலும் குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது லீக் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஐந்து வருடம் கழித்து நான்கே நாளில் செய்தது. வித்தியாசம் என்ன? 2009இல் பாதிக்கப்பட்டவர்கள் வாடகைக்கு வீடு தேடியவர்கள். 2014இல் ஆட்டமே நின்றுபோகும் நிலை.

சரி, அந்த ஓட்டெடுப்பில் என்ன ஆனது? நடக்கவே இல்லை! ஜூன் 3 என்று தேதி குறித்தார்கள். அதற்குள் அவருடைய மனைவி ஷெல்லி, குடும்ப அறக்கட்டளையின் சார்பில் மைக்ரோசாஃப்ட்டின் முன்னாள் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மருக்கு அணியை 200 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டுவிட்டார். ஸ்டெர்லிங் எதிர்த்து நீதிமன்றம் போனார். ஜூலையில் தீர்ப்பு மனைவி பக்கம் வந்தது, ஆகஸ்டில் விற்பனை முடிந்தது. அதே ஆண்டு அதே லீகின் மில்வாக்கி அணி 55 கோடி டாலருக்குத்தான் விலை போயிருந்தது. துரத்தப்பட்டவருக்குக் கிடைத்தது அதைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல்.

இதுவேதான் மறுபடி மறுபடி நடக்கிறது. அதே என்பிஏவில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் ஓனர் ராபர்ட் சார்வருக்கு 2022 செப்டம்பரில் ஒரு வருடத் தடை, ஒரு கோடி டாலர் அபராதம். ஒரு பெரிய ஸ்பான்சர் விலகப்போவதாகச் சொன்னது, வீரர்கள் வாய் திறந்தார்கள், எட்டே நாளில் விற்கப்போகிறேன் என்றார். அணியின் மதிப்பு 400 கோடி டாலர்.

அமெரிக்கக் கால்பந்தில் (ரக்பி மாதிரி பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்) வாஷிங்டன் அணியின் டேன் ஸ்னைடர் இன்னும் பெரிய கதை. ரசிகர்கள் இருபது வருடத்துக்கும் மேல் அவரைப் பொறுத்துக்கொண்டார்கள். அணியில் வேலை பார்த்த பெண்கள் பாலியல் தொல்லைகளைப் பற்றிப் பேச முன்வந்தார்கள், விசாரணை நடந்தது, நாடாளுமன்றக் குழுவரை போனது. 2022 அக்டோபரில் அதே லீகின் இண்டியானாபொலிஸ் அணி ஓனர் ஜிம் இர்சே, இவரை நீக்கப் போதிய காரணம் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஓர் ஓனர் இன்னொரு ஓனரைப் பற்றி அப்படிப் பேசுவது அபூர்வம். 32 ஓட்டில் 24 வேண்டும். அந்த ஓட்டெடுப்பும் நடக்கவில்லை. 1999இல் 80 கோடிக்கு வாங்கிய அணியை 2023 ஜூலையில் 605 கோடி டாலருக்கு விற்றார். அதே நாள் விசாரணை அறிக்கை வந்தது, 6 கோடி டாலர் அபராதத்தோடு. கணக்குப் போட்டுப் பாருங்கள், விற்ற விலையில் ஒரு சதவீதம்.

நேராக ரத்து செய்தால் என்ன என்று கேட்பீர்கள். ஐபிஎல்லில் அதையும் செய்து பார்த்தார்கள். கொச்சி டஸ்கர்ஸ் அணி 2011இல் ஒரே ஒரு சீசன் ஆடியது. வங்கி உத்தரவாதம் தரவில்லை என்று பிசிசிஐ அதே ஆண்டு ஒப்பந்தத்தை முடித்துவிட்டது. ஒப்பந்தத் தகராறை விசாரித்த நடுவர் மன்றத்தின் தீர்ப்பு 2015இல் கொச்சி பக்கம் வந்தது. 2025 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிசிசிஐ கொடுக்க வேண்டிய தொகை 538 கோடி ரூபாய். லீகின் வழக்கறிஞர்கள் ஏன் விற்கச் சொல்லி நெருக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதா? தானாக விற்றவரைவிட, பிடுங்கப்பட்டவர் நீதிமன்றத்தில் பல மடங்கு வலுவாக நிற்பார்.

இப்போது 2023 ஜூன் 13க்கு வாருங்கள். ஓக்லாந்து ஏஸ் பேஸ்பால் அணியின் ஓனர் ஜான் ஃபிஷர் அணியை லாஸ் வேகஸுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்தார். அந்த வருடம் மைதானம் காலியாகக் கிடந்தது, ஆட்களே வருவதில்லை என்று பேச்சு. ரசிகர்கள் ஒரு வேலை செய்தார்கள். புறக்கணிப்பதற்குப் பதிலாக, ஒரே நாளில் எல்லோரும் உள்ளே வந்தார்கள். 27,759 பேர். ‘விற்றுவிடு’ என்று அச்சடித்த பச்சைச் சட்டைகள். எங்களுக்கு அணி மேல் வெறுப்பு இல்லை, உங்கள் மேல்தான் என்று காட்டினார்கள். அதே நாள், லாஸ் வேகஸ் இருக்கிற நெவாடா மாநிலத்தின் செனட், வேகஸ் மைதானத்துக்கான மசோதாவை நிறைவேற்றியது. நவம்பரில் 30 ஓனர்களும் இடமாற்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். எதிர்ப்பு ஓட்டு ஒன்றுகூட இல்லை.

ஏனென்றால் ஃபிஷர் காயப்படுத்தியது ரசிகர்களை. மற்ற ஓனர்களுக்கு அவரால் ஒரு நஷ்டமும் இல்லை. இன்னும் சொன்னால், ஓக்லாந்து மைதானப் பிரச்சினை தீர்ந்தால்தான் புதிய அணிகளைச் சேர்ப்போம் என்று லீக் சொல்லிக்கொண்டிருந்தது. புதிய அணி வந்தால் அதன் நுழைவுக் கட்டணம் இருக்கிற ஓனர்களுக்குப் பங்காகும். அவர்கள் ஏன் அவரைத் துரத்துவார்கள்?

இதே ரசிகர் கூட்டம் ஜெர்மனியில் இருந்திருந்தால்? அங்கே பெரும்பாலான கால்பந்து கிளப்களில் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதி. 2023 டிசம்பரில் லீகின் வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்குக் கொடுக்கக் கிளப்கள் ஓட்டுப் போட்டு முடிவெடுத்தன. ரசிகர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசினார்கள். 2024 பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அங்கே பந்து வீசுகிறவர் கிளப்பின் வாக்காளராகவும் இருக்கிறார். ஓக்லாந்தில் சட்டை மட்டும்தான் இருந்தது.

எல்லா நாட்டிலும் ஜெர்மனி விதியைக் கொண்டுவர முடியாது, அது எனக்கும் தெரியும். நான் கேட்பது சின்னது. ஓர் ஓனர் அணியை வேறு ஊருக்கு நகர்த்த அனுமதி கேட்டால், அதற்கு முன்னால் அதே ஊரில் நியாயமான விலைக்கு வாங்க ஆள் இருக்கிறாரா என்று லீக் பார்த்தே ஆக வேண்டும் என ஒரு விதி. ஓக்லாந்தில் ஆள் இருந்தார். வாரியர்ஸ் கூடைப்பந்து அணியின் ஓனர் ஜோ லேக்கப், ஏஸ் அணியை வாங்கத் தயார் என்று வெளிப்படையாகவே சொன்னவர். 2024 செப்டம்பர் 26, கொலிசியத்தில் கடைசி ஆட்டம். 46,889 பேர் வந்திருந்தார்கள்.